விண்டோஸும் இருக்கட்டும், லினக்ஸும் வரட்டும்

வாசகர் கேள்வி – பதில்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றுவிட்டன. அதன் பிறகு இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: பழைய லேப்டாப்பில் இன்னொரு ஓஎஸ் (கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்) போடுவது எப்படி? விண்டோஸ் ஒரு ஓஎஸ் என்றால், லினக்ஸ் இலவசமாகக் கிடைக்கும் இன்னொன்று. வடசென்னை வாசகர்கள் அனுப்பியவற்றை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: மகளுக்குக் காலேஜ் சேரும்போது வாங்கிய லேப்டாப். ஐ3 ஐந்தாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 ஏறாது என்று சர்வீஸ் கடையில் சொல்லிவிட்டார்கள். உள்ளே இருக்கும் விண்டோஸ் 10-ஐ அழிக்காமல் பக்கத்திலேயே லினக்ஸ் போட முடியுமா? எந்த லினக்ஸ்?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: தாராளமாகப் போடலாம். கடையில் சொன்னது சரிதான். விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் குறைந்தது எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் வேண்டும். லினக்ஸ் வகைகளில் உங்களுடையதற்கு லினக்ஸ் மின்ட் 22, அதிலும் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பொருத்தமாக இருக்கும். 2029 ஏப்ரல் வரை அதற்கு அப்டேட் உண்டு. சின்னமன் பதிப்பு பார்க்க இன்னும் அழகு. ஆனால் 4 ஜிபி ரேமில் பிரவுசரையும் திறந்தால் மூச்சு வாங்கும்.

போடுவதற்கு அரை மணி நேரம் போதும். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனைகளில்தான் காரியம் இருக்கிறது. பலரும் அதைத் தாண்டிக் குதித்துவிட்டு, பிறகு ‘லினக்ஸ் போட்டேன், எல்லாம் போச்சு’ என்கிறார்கள்.

முதலில் பேக்கப். போட்டோ, சர்டிஃபிகேட், புராஜெக்ட் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். அதே லேப்டாப்பின் டி டிரைவில் வைத்தால் அது பேக்கப் ஆகாது. டிஸ்க் ஒன்றுதானே, போனால் இரண்டும் போகும்.

அடுத்து, 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று எடுத்து, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் மின்ட்டின் ஐஎஸ்ஓ ஃபைலை (இன்ஸ்டால் செய்யத் தேவையானதெல்லாம் அடங்கிய ஒரே ஃபைல்) அதில் எழுதுங்கள். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அதிலிருந்து லேப்டாப்பை பூட் செய்தால், அதாவது தொடங்கினால், ஹார்ட் டிஸ்க்கில் எதையும் எழுதாமலே லினக்ஸ் ஓடும். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கு, ஆன் செய்ததும் டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஸ்கேப் அழுத்திப் பிறகு எஃப்9, ஏசுஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12-தான். ஆனால் பயாஸுக்குள் (ஓஎஸ் ஏறும் முன் திறக்கும் மதர்போர்டு செட்டிங்ஸ்) போய் ‘எஃப்12 பூட் மெனு’ என்பதை எனேபிள் செய்தால்தான் அது வேலை செய்யும். இப்படி ஓடும்போதே வைஃபை, சவுண்ட், கேமரா, டச்பேட் எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள். இப்போது வேலை செய்வது போட்ட பிறகும் வேலை செய்யும்.

அங்கேயே ‘டிஸ்க்ஸ்’ என்ற புரோகிராமைத் திறந்து, மெனுவில் ‘ஸ்மார்ட் டேட்டா’வைப் பாருங்கள். ‘ரீஅலோகேட்டட் செக்டர் கவுன்ட்’, ‘கரன்ட் பெண்டிங் செக்டர் கவுன்ட்’ என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டிலும் 0 இருந்தால் நிம்மதி. இரண்டாவதில் ஏதாவது எண் இருந்தால், டிஸ்க்கின் சில இடங்களைப் படிக்கவே முடியவில்லை என்று பொருள். அந்த டிஸ்க்கில் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் பிரித்திருக்கும் பகுதியை, சுருக்கும் வேலையே வேண்டாம். சுருக்கும்போது டேட்டா இடம் மாறும். படிக்க முடியாத இடத்தில் சிக்கினால் விண்டோஸும் சேர்ந்து போகும். டிஸ்க்கை மாற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு எதுவும்.

டிஸ்க் நன்றாக இருந்தால், விண்டோஸுக்குத் திரும்புங்கள். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ’. அங்கே ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ டிக்கை எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸ் சி டிரைவில் எழுத மறுக்கும். மீறி எழுதினால் ஃபைல்கள் கெடும்.

பிறகு ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறந்து, சி டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஷ்ரிங்க் வால்யூம்’ கொடுங்கள். கணக்கை எம்பியில் கேட்கும். 60 ஜிபிக்கு 61440 என்று போடுங்கள். 30 ஜிபியிலும் ஓடும், ஆனால் ஆறு மாதத்தில் இடம் பற்றாது. பாதிக்கு மேல் காலியாக இருந்தும் கொஞ்சம்தான் சுருக்க முடியும் என்று காட்டினால், நகர்த்த முடியாத சிஸ்டம் ஃபைல்கள் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன், சிஸ்டம் ப்ரொடெக்ஷன் மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயலுங்கள். வேலை முடிந்ததும் திரும்ப ஆன் செய்துவிடலாம்.

கிடைத்த காலி இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள். அதில் புதிய டிரைவ் எதுவும் உருவாக்க வேண்டாம். பென் டிரைவிலிருந்து மறுபடி பூட் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் ‘இன்ஸ்டால் அலாங்சைடு’ என்று கேட்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். ‘இரேஸ் டிஸ்க்’ என்ற இன்னொரு வரியும் அங்கேயே இருக்கும். அதைத் தொட்டால் விண்டோஸ், டேட்டா எல்லாமே போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. பழைய லேப்டாப்பில் பேட்டரி செத்திருக்கும், சார்ஜரை நம்பித்தான் ஓடும். பார்ட்டிஷன் வேலை நடக்கும்போது கரண்ட் போனால் ஆபத்து. மழைக்காலத்திலும், ஏரியாவில் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளிலும் இதை ஆரம்பிக்காதீர்கள். யுபிஎஸ் உள்ள வீட்டில் வைத்துச் செய்தால் இன்னும் நல்லது.

கேள்வி: அரசு கொடுத்த இலவச லேப்டாப், ஆரம்ப ஆண்டுகளில் வந்தது. 2 ஜிபி ரேம். விண்டோஸ் 7-உடன் ‘பாஸ்’ என்று ஒன்று இருக்கிறது, யாரும் திறந்ததே இல்லை. இதில் புது லினக்ஸ் ஏறுமா?
– வாசகர், கொடுங்கையூர்

பதில்: நீங்கள் திறக்காமலே வைத்திருப்பதும் லினக்ஸ்தான். டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து, மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கியது பாஸ். 2011-இல் திட்டம் தொடங்கியபோது வந்த லேப்டாப்களில் விண்டோஸும் பாஸும் சேர்ந்தே இருந்தன. ஆகவே உங்களிடம் இரண்டாவது ஓஎஸுக்கான இடம் ஏற்கெனவே பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. சி டிரைவைச் சுருக்கவே வேண்டாம்.

இன்ஸ்டால் செய்யும்போது ‘சம்திங் எல்ஸ்’ தேர்ந்தெடுத்து, பட்டியலில் ‘ஈஎக்ஸ்டி4’ அல்லது ‘ஈஎக்ஸ்டி3’ என்று இருக்கும் பாஸ் பார்ட்டிஷனைத் திறந்து, ஃபார்மட்டில் டிக் போட்டு, மவுன்ட் பாயின்ட்டாக ஒற்றைச் சாய்கோடு ( / ) கொடுங்கள். ‘என்டிஎஃப்எஸ்’ என்று இருப்பவை விண்டோஸுடையவை, அவற்றின் பக்கம் போக வேண்டாம். பாஸை முன்கூட்டியே விண்டோஸிலிருந்து டெலிட் செய்வதும் கூடாது. எந்த ஓஎஸ் வேண்டும் என்று கேட்கும் மெனுவைக் கொடுக்கும் க்ரப் அதற்குள்தான் இருக்கிறது. அதை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்ற கறுப்புத் திரையில் நின்றுவிடும்.

2 ஜிபியில் மின்ட் ஏறும். ஆனால் பிரவுசரில் நாலு டேப் திறந்தால் திணறும். லுபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் சற்று இலகு. ரேமை 4 ஜிபி ஆக்கினால்தான் உண்மையான மாற்றம் தெரியும்.

கேள்வி: எச்பி லேப்டாப், முதலில் விண்டோஸ் 7 இருந்து பிறகு 10 ஆக்கியது. சி டிரைவைச் சுருக்கி 80 ஜிபி காலியும் செய்துவிட்டேன். இன்ஸ்டாலர் அந்த இடத்தை ‘அன்யூசபிள்’ என்கிறது. ‘அலாங்சைடு’ என்ற வரியே வரவில்லை. ஏன்?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: உங்கள் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டது. அந்த முறையில் நான்கு பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் கிடையாது. அந்தக் காலத்து எச்பி லேப்டாப்களில் நான்கையும் கம்பெனியே நிரப்பித்தான் அனுப்பியது: சிஸ்டம், சி டிரைவ், ரெக்கவரி, எச்பி டூல்ஸ். இடம் 80 ஜிபி இருந்தாலும், அதைப் பதிந்து வைக்க ஐந்தாவது வரி இல்லை.

இந்தக் கட்டத்தில் பலரும் செய்துவிடும் பெரிய பிழை ஒன்று உண்டு. டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே புதிய பார்ட்டிஷன் உருவாக்கப் பார்ப்பார்கள். ‘டைனமிக் டிஸ்க்காக மாற்றட்டுமா’ என்று விண்டோஸ் கேட்கும். யெஸ் கொடுத்துவிட்டால் லினக்ஸ் இன்ஸ்டாலருக்கு அந்த டிஸ்க் பயன்படாது. டேட்டாவை இழக்காமல் பழையபடி ஆக்க விண்டோஸிலேயே வழி இல்லை. எப்போது கேட்டாலும் ‘நோ’ கொடுங்கள்.

தீர்வு: நான்கில் ஒன்றைக் காலி செய்ய வேண்டும். எச்பி டூல்ஸ் 100 எம்பி அளவுள்ள சின்னப் பார்ட்டிஷன், சோதனைக் கருவிகள் மட்டும் இருக்கும். அதிலுள்ள ஃபைல்களை வேறிடத்தில் காப்பி செய்துவிட்டு அதை டெலிட் செய்யுங்கள். இனி இன்ஸ்டாலரில் ‘சம்திங் எல்ஸ்’ போய், 80 ஜிபி இடத்தில் ‘லாஜிக்கல்’ பார்ட்டிஷன் உருவாக்கினால், லாஜிக்கல் பார்ட்டிஷன்களை உள்ளே வைத்துக்கொள்ளும் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனை இன்ஸ்டாலரே அமைத்துக்கொள்ளும்.

‘அலாங்சைடு’ வரி காணாமல் போவதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. எச்பி அல்லாத லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும்.

ஒன்று, பூட் முறை மாறிப்போவது. விண்டோஸில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ திறந்தால் ‘பயாஸ் மோடு’ என்ற இடத்தில் ‘யுஇஎஃப்ஐ’ (புதிய பூட் முறை) அல்லது ‘லெகசி’ (பழைய முறை) என்று இருக்கும். பென் டிரைவும் அதே முறையில் பூட் ஆக வேண்டும். பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு தடவை தெரிந்தால், முன்னால் யுஇஎஃப்ஐ என்று போட்டிருப்பது ஒரு முறை, போடாதது இன்னொரு முறை. மாற்றிப் போட்டாலும் இன்ஸ்டால் ஆகிவிடும். ஆனால் ஒரே மெனுவிலிருந்து இரண்டையும் திறக்க முடியாது. யுஇஎஃப்ஐ லேப்டாப்பில் கைமுறையாகப் பார்ட்டிஷன் பிரிப்பவர்கள், ஏற்கெனவே இருக்கும் சின்ன ‘ஈஎஃப்ஐ’ பார்ட்டிஷனை அப்படியே பயன்படுத்துங்கள். ஃபார்மட் டிக் அதில் விழக் கூடாது. விண்டோஸின் பூட் ஃபைல்கள் அங்கேதான் இருக்கின்றன.

இன்னொன்று, டிஸ்க்கே இன்ஸ்டாலரில் தெரியாமல் இருப்பது. பயாஸில் டிஸ்க் இணையும் சாட்டா முறை ‘ரெய்டு ஆன்’ அல்லது ‘இன்டெல் ஆர்எஸ்டி’ என்று இருக்கும். டெல்லில் இது அடிக்கடி வரும். அதை ‘ஏஎச்சிஐ’ ஆக்க வேண்டும். நேராக மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். ‘எம்எஸ்கான்ஃபிக்’ திறந்து, பூட் பகுதியில் ‘சேஃப் பூட்’ டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ ஆக்குங்கள். சேஃப் மோடில் விண்டோஸ் தனக்கு வேண்டிய டிரைவரை ஏற்றிக்கொள்ளும். பிறகு டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. சேஃப் மோடில் பின் நம்பர் எடுபடாமல் போகலாம், பாஸ்வேர்டை நினைவில் வைத்திருங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆனில் இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி வைத்த பிறகே பயாஸில் கை வையுங்கள்.

கேள்வி: எல்லாம் சரியாகப் போட்டேன். ஆனால் ஆன் செய்தால் நேராக விண்டோஸுக்கே போகிறது. லினக்ஸைத் தேர்ந்தெடுக்கும் மெனு வரவே இல்லை.
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: லினக்ஸ் உள்ளேதான் இருக்கிறது, மறுபடி போட வேண்டாம். பயாஸ் விண்டோஸை முதலில் அழைக்கிறது, அவ்வளவுதான். மின்ட் போட்டிருந்தாலும் பூட் பட்டியலில் அதன் பெயர், அதற்கு அடிப்படையான ‘உபுண்டு’ என்றே இருக்கும்.

எச்பியில் எஃப்10 அழுத்தி பயாஸ் போய், பூட் ஆர்டரில் ‘ஓஎஸ் பூட் மேனேஜர்’ மேல் என்டர் அழுத்துங்கள். பல மாடல்களில் உள்ளே இன்னொரு பட்டியல் திறக்கும், அங்கே உபுண்டுவை மேலே ஏற்றலாம். இப்படி ஒரு உள்பட்டியல் இருப்பது தெரியாமல்தான் பலரும் லினக்ஸைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஏசரில் வழி வேறு. செக்யூர் பூட் (நம்பகமான ஓஎஸை மட்டும் ஏற விடும் பாதுகாப்பு) ஆனில் இருக்கும்போதே சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்று வைத்தால்தான் ‘செலக்ட் அன் யுஇஎஃப்ஐ ஃபைல் ஆஸ் டிரஸ்டட்’ என்ற வரி திறக்கும். அதில் ஈஎஃப்ஐ, உபுண்டு ஃபோல்டர்களுக்குள் போய் ‘ஷிம்’ என்று தொடங்கும் ஃபைலைத் தேர்ந்தெடுத்து, ஒரு பெயர் கொடுத்து சேவ் செய்து, பூட் ஆர்டரில் மேலே கொண்டுவாருங்கள். அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் பயாஸையே திறக்க முடியாது, எழுதி வையுங்கள்.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு இந்த வரிசை மாறுவதும் உண்டு. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட் அதையும் தாண்டி, செக்யூர் பூட் ஆனில் இருந்த பல லேப்டாப்களில் லினக்ஸை ‘செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்’ என்று தடுத்துவிட்டது. அந்தச் செய்தி வந்தால் செக்யூர் பூட்டை ஆஃப் செய்து லினக்ஸுக்குள் போய், எல்லா அப்டேட்டையும் போடுங்கள்.

கேள்வி: எம்.சி. ரோட்டில் துணிக்கடை. கடை லேப்டாப்பில் டேலி, எச்பி லேசர்ஜெட் 1020 பிரின்டர். லினக்ஸ் போட்டால் இவை ஓடுமா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: கணக்கு மென்பொருளான டேலிபிரைம் விண்டோஸுக்கானது. அதற்காகவே உங்களுக்கு இரண்டும் வேண்டும். டேலியும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வேலையும் விண்டோஸில் இருக்கட்டும். பேங்க், மெயில், ஜிஎஸ்டி தளம் பார்ப்பது, வாட்ஸ்அப் எல்லாவற்றையும் லினக்ஸுக்கு மாற்றுங்கள். அப்டேட் நின்ற விண்டோஸில் பேங்க் பாஸ்வேர்டு அடிப்பதுதான் பெரிய ஆபத்து, அதை முதலில் நிறுத்துங்கள்.

டேலி டேட்டா ஃபோல்டரை லினக்ஸிலிருந்து திறந்து பார்க்கலாம், காப்பி எடுக்கலாம். மாற்ற வேண்டாம்.

1020 பிரின்டருக்குள் ஃபர்ம்வேர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், நிரந்தரமாக இருப்பதில்லை. ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் அதை அனுப்ப வேண்டும். லினக்ஸில் பிரின்டர் பட்டியலில் பெயர் தெரிந்தும் பிரின்ட் வராததற்குக் காரணம் இதுதான். எச்பி பிரின்டர்களுக்கான ‘எச்பிலிப்’ தொகுப்போடு அதன் ‘ப்ளகின்’னையும் நெட் இணைப்பில் டவுன்லோடு செய்து போட்டால் ஓடும். கேனன் எல்பிபி 2900 வைத்திருக்கும் கடைக்காரர்கள், பிரின்ட் வேலையை விண்டோஸிலேயே வைத்துக்கொள்வது நல்லது. புதிய லினக்ஸ்களில் அதன் டிரைவரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: லினக்ஸ் போட்டதிலிருந்து விண்டோஸில் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டுகிறது.
– வாசகி, பெரம்பூர்

பதில்: மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று படிக்கிறது. லினக்ஸ் டெர்மினலில் ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ என்ற கட்டளையை ஆங்கிலச் சிறிய எழுத்தில் கொடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும். பிறகு விண்டோஸில் நேரத்தை ஒருமுறை சரிசெய்யுங்கள். தேதியே பல வருடம் பின்னால் போனால் அது வேறு நோய், பயாஸ் பேட்டரியை மாற்ற வேண்டும்.

கேள்வி: லினக்ஸில் வைஃபை வரவில்லை. டிரைவர் போட நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும். என்ன செய்வது?
– மாணவர், எண்ணூர்

பதில்: போனை டேட்டா கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, ஹாட்ஸ்பாட் பகுதியில் ‘யுஎஸ்பி டெதரிங்’ ஆன் செய்யுங்கள். டிரைவர் இல்லாமலே நெட் வரும். பிறகு ‘டிரைவர் மேனேஜர்’ திறந்து, பிராட்காம் டிரைவரைக் காட்டினால் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் இது நடக்காது. எச்பியில் ரியல்டெக் 8723பிஇ கார்டு இருந்து, ரவுட்டர் பக்கத்தில் மட்டும் சிக்னல் எடுத்தால், கார்டில் ஒரு ஆன்டெனா மட்டும் இணைத்திருக்கிறார்கள், டிரைவர் அடுத்ததில் தேடுகிறது. டிரைவரின் ஆன்டெனா தேர்வை 1 அல்லது 2 என்று மாற்றிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: ரேம், எஸ்எஸ்டி வாங்கப் போகிறேன். கடையில் என்ன கேட்டு வாங்குவது?
– வாசகர், காசிமேடு

பதில்: முதலில் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தகடு இல்லாத வேகமான டிஸ்க். பழைய லேப்டாப்பில் வேகம் தெரிவது அதில்தான். இரண்டரை இன்ச் சாட்டா, 7 மில்லிமீட்டர் தடிமன், 240 அல்லது 256 ஜிபி போதும். பழைய டிஸ்க்கின் இடம் 9.5 மில்லிமீட்டராக இருந்தால் ஆடாமல் இருக்க ஸ்பேசர் வேண்டும். டிவிடி டிரைவ் உள்ள லேப்டாப்பானால் ‘கேடி’ என்ற சட்டத்தை வாங்கி, பழைய ஹார்ட் டிஸ்க்கை டிவிடி இடத்தில் மாட்டலாம். கேடியில் 9.5, 12.7 என்று இரண்டு தடிமன் உண்டு, டிவிடி டிரைவைக் கழற்றி அளந்த பிறகு வாங்குங்கள்.

இரண்டு டிஸ்க் ஆன பிறகு இன்னொரு வசதி கிடைக்கிறது. விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு எஸ்எஸ்டியில் லினக்ஸைப் போட்டு, பிறகு மாட்டுங்கள். இரண்டின் பூட் ஃபைல்களும் தனித்தனி டிஸ்க்கில் இருக்கும், ஒன்று கெட்டாலும் மற்றது ஓடும். பயந்து பயந்து போடுபவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது.

ரேமில் ஏமாறாதீர்கள். இன்டெல் நான்காம், ஐந்தாம் தலைமுறை லேப்டாப்களில் பெரும்பாலும் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் வேண்டும். லேபிளில் ‘பிசி3எல்’ என்று இருக்கும். அந்த ‘எல்’ இல்லாதது 1.5 வோல்ட், மாட்டினால் திரையே வராமல் போகலாம். பழைய ரேமைக் கழற்றிக் கையோடு, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போங்கள். உங்கள் பக்கத்திலிருந்து மெட்ரோவில் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம்.

கடலோரம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். உப்புக் காற்றில் ரேமின் தங்கநிறப் பட்டைகள் மங்கிப்போகும். திடீரென்று லேப்டாப் ஆன் ஆகாமல் போனால், சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திவிட்டு, ரேமை எடுத்துப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு மாட்டிப் பாருங்கள்.

கேள்வி: லினக்ஸில் தமிழ்99 கீபோர்டு முறையில் டைப் செய்ய முடியுமா?
– டிடிபி ஆபரேட்டர், ராயபுரம்

பதில்: முடியும். பல மொழிகளில் டைப் செய்ய உதவும் ‘ஐபஸ்’ உடன் ‘எம்17என்’ தொகுப்பையும் சேர்த்துப் போட்டு, லாக்அவுட் ஆகி வந்து, தமிழ் பட்டியலில் ‘தமிழ்99’ தேர்ந்தெடுங்கள். கீபோர்டு லேஅவுட் பட்டியலிலும் அந்தப் பெயர் தெரியும், ஆனால் அதில் புள்ளி தானாக விழாது. பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த பழைய ஃபைல்கள் வேண்டுமானால், அந்த எழுத்துருக்களை விண்டோஸிலிருந்து காப்பி செய்து போட வேண்டும். இல்லையென்றால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

கேள்வி: போட்டுப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் லினக்ஸை எடுப்பது எப்படி?
– வாசகர், கொளத்தூர்

பதில்: வரிசை முக்கியம். முதலில் பயாஸ் பூட் ஆர்டரில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ மேலே வரட்டும். விண்டோஸ் நேராகத் திறக்கிறது என்று உறுதியான பிறகு, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பார்ட்டிஷனை டெலிட் செய்யுங்கள். ஈஎஃப்ஐ பார்ட்டிஷனைத் தொடக் கூடாது.

லெகசி லேப்டாப்பில், டெலிட் செய்வதற்கு முன் விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவ் ஒன்று தயாராக வேண்டும். அதிலிருந்து பூட் செய்து, ரிப்பேர் பகுதியில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ‘பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்’ கட்டளையை ஆங்கிலத்தில் கொடுத்தால் க்ரப் போய் விண்டோஸின் பூட் திரும்பும். ஏற்கெனவே டெலிட் செய்து ‘க்ரப் ரெஸ்க்யூ’வில் நிற்பவர்களுக்கும் இதே மருந்துதான். டேட்டா எதுவும் போயிருக்காது, பதறி ஃபார்மட் அடிக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

கடைசியாக சி டிரைவில் ரைட் கிளிக் செய்து ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’. அது மங்கலாக இருந்தால், காலி இடத்துக்கும் சி டிரைவுக்கும் நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் நிற்கிறது. ஒட்டினாற்போல் வலப்பக்கம் இருக்கும் இடத்தைத்தான் விண்டோஸ் சேர்த்துக்கொள்ளும். அப்படியானால் அந்த இடத்தில் தனி டிரைவ் உருவாக்கி, போட்டோ, வீடியோ வைக்கப் பயன்படுத்துங்கள்.